ஓய்வுகால வீடு: எந்தச் சபையின் எல்லையில் வாங்குவது?

மலையகத்தில் ஓய்வுகாலத்துக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, ஆண்டு வரி எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்த வரிக்கு ஈடாக அங்கே என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் முதுமையில் நிம்மதியாக இருக்கலாம்.

நுவரெலியா மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. மலை ஒன்று, மழை ஒன்று. ஆனால் ஒரு பாலத்தைத் தாண்டினால் வரி வீதம் மாறுகிறது, குப்பை லொறி வரும் நாள் மாறுகிறது, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் மாறுகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், கொழும்பில் கடை நடத்திவிட்டுப் பிறந்த மண்ணுக்குத் திரும்ப நினைப்பவர்கள், மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் காணி பார்ப்பவர்கள் என்று இன்று பலர் இந்த மாவட்டத்தில் வீடு தேடுகிறார்கள். "டவுனுக்குள்ள வாங்கினா வரி கூட, வெளியில வாங்கினா வரியே இல்ல" என்ற பேச்சை அவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை விளக்கவே இந்தக் கட்டுரை.

பன்னிரண்டு சபைகள், மூன்று வகை

மாவட்டத்தின் ஒரே மாநகர சபை நுவரெலியாவில் இருக்கிறது. ஹட்டன் - டிக்கோயா, தலவாக்கலை - லிந்துலை ஆகிய இரண்டும் நகர சபைகள். மற்ற ஒன்பதும் பிரதேச சபைகள்: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட், கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே பிரதேச சபைகளாக இருந்த பெரும் பரப்பு, நீண்ட கோரிக்கைக்குப் பிறகு ஆறாகப் பிரிக்கப்பட்டது. 2018 பெப்ரவரித் தேர்தலில் மக்கள் அந்தப் புதிய சபைகளுக்கும் வாக்களித்தார்கள்.

மூன்று வகைச் சபைகளுக்கும் மூன்று தனிச் சட்டங்கள். மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939ஆம் ஆண்டினது, பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஒரே அளவான இரண்டு வீடுகளுக்கு இரண்டு விதமான வரி வருவதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

மதிப்பீட்டு வரி எப்படிப் பிறக்கிறது

சபைக்கு நாம் கட்டும் மதிப்பீட்டு வரிக்கு வீட்டின் விற்பனை விலை அடிப்படை அல்ல. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு வரும் என்று கணிக்கிறார்கள். அதற்கு ஆண்டுப் பெறுமதி என்று பெயர். அரசின் விலைமதிப்புத் திணைக்களம் அதைக் கணித்துக் கொடுக்கும். அந்தப் பெறுமதியில் எத்தனை சதவீதத்தை வரியாக அறவிடுவது என்பதைச் சபை ஆண்டுதோறும் தீர்மானித்து அறிவிக்கும். குடியிருப்புக்கு ஒரு வீதம் என்றால் கடைக்கும் விருந்தினர் விடுதிக்கும் வழக்கமாக அதைவிடக் கூடிய வீதம் இருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. வீட்டின் ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா, சபையின் வீதம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரி 4,800 ரூபா, காலாண்டுக்கு 1,200 ரூபா. முழு ஆண்டுக்கும் உரிய பணத்தை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. அப்போது 4,320 ரூபாவோடு முடிந்துவிடும். அதாவது மாதத்துக்கு 360 ரூபா. ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்தில் கட்டுகிறவருக்கு 5 சதவீதக் கழிவு கிடைக்கும். ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஜனவரிக் கழிவு சிறிய தொகை அல்ல. அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிரதேச சபைகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சபை எல்லைக்குள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் மதிப்பீட்டு வரி வராது. கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களுக்கு மட்டுமே அது வரும். அதற்கு வெளியே, பயிர் செய்யும் காணிக்குப் பரப்பளவை வைத்து ஏக்கர் வரி அறவிடப்படும். "வெளியில வரியே இல்ல" என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. வரி இல்லாத இடத்தில் பெரும்பாலும் குப்பை லொறியும் இல்லை, வடிகாலைத் துப்புரவு செய்ய ஆளும் இல்லை, தெருவிளக்கும் இல்லை என்பதை அந்தப் பேச்சு சொல்வதில்லை.

வரியைவிடப் பெரிய செலவு

வரி வித்தியாசத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். காணி உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, பெறுமதியின் முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 50 இலட்சம் ரூபா வீட்டுக்கு 3,000 ரூபாவும் 196,000 ரூபாவும் சேர்ந்து 199,000 ரூபா. மேலே பார்த்த 4,320 ரூபா வரியோடு ஒப்பிட்டால், ஒரே நாளில் கட்டும் இந்தத் தீர்வை 46 ஆண்டு வரிக்குச் சமம். நுவரெலியாவில் வாங்கினாலும் வலப்பனையில் வாங்கினாலும் இந்த வீதம் மாறாது. நொத்தாரிசு கட்டணமும் நில அளவைச் செலவும் இதற்கு மேல்.

ஆகவே இரண்டு சபைகளுக்கு இடையே ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் ரூபா வரி வித்தியாசம் இருந்தால் அதற்காக மட்டும் தூரத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்வர முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலி, ஓர் ஆண்டில் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

நுவரெலியாவா, ஹட்டனா, வெளியிலா?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் நாடே அங்கு வந்து குவிகிறது. அதனால் காணி விலை ஏறுகிறது, வாடகை ஏறுகிறது. வாடகையை வைத்துத்தான் ஆண்டுப் பெறுமதி கணிக்கப்படுகிறது என்பதால், அடுத்த மீள்மதிப்பீட்டில் வரியும் ஏறும். ஓய்வுகால வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைப்பவர்கள், அப்படிச் செய்தால் வரி வீதம் மாறுமா, தனியாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமா என்பதை மாநகர சபையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மாவட்டப் பொது வைத்தியசாலையும் காணிப் பதிவகமும் கச்சேரியும் அருகில் இருப்பது பெரிய வசதி. ஆனால் குளிரை மறந்துவிடக் கூடாது. இளைப்பும் மூட்டுவலியும் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் டிசம்பர், ஜனவரிக் குளிரில் சில வாரங்கள் அங்கே தங்கிப் பார்க்க வேண்டும்.

ஹட்டன் அதைவிடத் தாழ்ந்த இடம், குளிரும் குறைவு. ரயில் நகரத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. நுவரெலியாவுக்கு ரயிலில் போகிறவர் நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட ஆதார வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அதே நாளில் நோர்வூட் மைதானத்தில் நடந்த கூட்டத்தில், மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்றும் அறிவித்தார். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மக்கள் பொருள் வாங்கவும் வங்கிக்கும் வைத்தியத்துக்கும் ஹட்டன் பக்கம்தான் வருகிறார்கள். எப்படியும் ஹட்டனுக்கு வரத்தான் வேண்டும் என்றால், நகர சபை எல்லைக்குள் சற்றுக் கூடுதலாக வரி கட்டி வாழ்வது முதியவர்களுக்கு இலாபம்.

பிரதேச சபை எல்லையில் வாங்குகிறவர்கள் வரி வீதத்தைப் பார்ப்பதற்கு முன் வேறு மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது பாதை. வீட்டு வாசல் வரை போகும் பாதை பிரதேச சபையுடையதா, மாகாணத்துடையதா, தோட்டக் கம்பனியுடையதா? தோட்டப் பாதை என்றால் அது உடைந்தால் திருத்தப் போவது யார்? 1990 சுவசரிய அம்புலன்ஸ் இரவு நேரத்தில் அந்தப் பாதையில் ஏறி வர முடியுமா? இரண்டாவது தண்ணீர். குழாய்த் தண்ணீர் சபையுடையதா, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையதா, மேலே இருக்கும் ஊற்றிலிருந்து தனியாக இழுத்ததா? ஊற்று வேறொருவர் காணியில் இருந்தால் நாளை பிரச்சினை வரும். மூன்றாவது மண். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த புயல் மழை அதே அச்சத்தை மலையகம் முழுவதற்கும் கொண்டுவந்தது. மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை தேவை. கட்டி முடித்த வீட்டை வாங்கும்போதும் அந்தப் பரிந்துரை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

லயத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு

இதுவரை சொன்னது எல்லாம் வாங்கும் வசதி உள்ளவர்களைப் பற்றியது. இந்த மாவட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெறுகிறவர்களில் பெருந்தொகையானோர் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய கணக்கு வேறு.

தோட்டக் காணி அரசுக்குரியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் அரசு தோட்டங்களை எடுத்துக்கொண்டது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. அந்தக் காணியில் நிற்கும் லயத்துக் காம்பிரா அங்கே வாழும் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவராவது பெரட்டுக்குப் போகும் வரைதான் அங்கே கவலையில்லாமல் இருக்கலாம். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால், முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த அம்மா இனி எங்கே இருப்பது என்ற கேள்வி எழுகிறது.

கைக்கு வரும் பணம் எவ்வளவு? பணிக்கொடையைத் தோட்டத்தில் சேவகாலப் பணம் என்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்கூலிக்கு வேலை செய்தவருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை வைத்தால் ஓர் ஆண்டுக்கு 18,900 ரூபா. 35 ஆண்டு உழைத்தவருக்கு 661,500 ரூபா. சம்பளம் கூடினால் இதுவும் கூடும். இதோடு தொழில்தருநர் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் கட்டிவந்த ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, தொழில்தருநர் 3 சதவீதம் கட்டிய ஊழியர் நம்பிக்கை நிதி இருக்கிறது. மேலே உதாரணமாகச் சொன்ன 50 இலட்சம் ரூபா வீட்டுக்கு அந்தச் சேவகாலப் பணம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அதிலும் மகள் கலியாணமும் பழைய கடனும் பங்கு கேட்கும்.

ஆகவே தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டக்கூடிய ஓய்வுகால வீடு, வீடமைப்புத் திட்டங்களின் கீழ் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட தனி வீடுதான். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வந்த வீடுகள் 550 சதுர அடி அளவானவை. வீட்டின் சாவி கிடைத்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. தெளிவான காணி உறுதி வேண்டும், அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும், உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். கணவன் பெயரில் மட்டும் எழுதிய வீட்டில் மனைவி தனித்துவிட்டால், கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணே தன் உரிமைக்காக அலைய வேண்டி வரும்.

தமிழ்நாட்டிலும் இதே துயரம் உண்டு. மாஞ்சோலைத் தோட்டம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம். குத்தகை 2028இல் முடிவதால் 2024இல் அங்கிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டுக்கு அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. நிலத்தில் உரிமை இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு என்பது வீட்டை இழக்கும் நாளாகிவிடுகிறது. இதைத் தடுக்கக்கூடியது உறுதிப்பத்திரம் ஒன்றே.

வரி கேட்கப்படாத மக்களின் வரலாறு

லயத்தில் வாழ்ந்தவர்களிடம் எந்தச் சபையும் மதிப்பீட்டு வரி கேட்டதில்லை. அதைச் சலுகை என்று நினைப்பவர்கள் பின்னணியைப் பார்க்க வேண்டும். 1937இல் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு அந்தச் சபைகளில் வாக்குரிமை கிடைக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டுரிமையையே பறித்தது. எஞ்சிய நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவினால், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட வழியில்லாமல் இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்புவார்கள். அந்த உறுப்பினர் தன்னை அனுப்பிய லயத்துக்கு ஒரு வடிகால் போடச் சபைப் பணத்தை எடுக்க முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

மதிப்பீட்டு வரிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. நகரத்து வீட்டுக் கேட்டில் நாம் காணும் வீட்டிலக்கம், சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு உள்ள இலக்கம். பதிவேட்டில் ஏறாத வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்துசேர்ந்தன. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் நாள் கடந்து கைக்கு வந்த கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. மாதம் சில நூறு ரூபா வரி கட்டி, வீட்டு வாசலில் தன் பெயருக்குக் கடிதம் வாங்கும் நிலை எத்தனையோ மடங்கு மேலானது.

காசு கொடுக்கும் முன்

வீட்டை விற்பவரிடம் கடைசியாகக் கட்டிய மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பழைய நிலுவை அந்த வீட்டைத் தொடர்ந்தே வரும். சபை அதைப் புதிய சொந்தக்காரரிடம் அறவிட முடியும்.

சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் உரித்தாக்கப்படாமைச் சான்றிதழும் எடுங்கள். வீதி அகலமானால் வீட்டின் எந்தப் பகுதி போகும், காணியைச் சபை ஏற்கெனவே எடுத்திருக்கிறதா என்பவற்றை அவை சொல்லும்.

அனுமதி பெற்ற கட்டட வரைபடமும் இணக்கச் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதியில்லாத மாடி பின்னால் தலைவலியாகும்.

காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு தேடிப் பாருங்கள். குத்தகைக் காணியை உறுதிக் காணி என்று சொல்லி விற்பதுண்டு.

உறுதி கைக்கு வந்ததும் சபைப் பதிவேட்டில் பெயரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வரி அறிவித்தல் பழையவர் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். மீள்மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், பெறுமதி அதிகம் என்று தோன்றினால், அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். அது உங்கள் உரிமை.

வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. காசு அனுப்பும் முன் பிரஜாவுரிமை ஆவணத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

சபை வரிக்கு மேலே தேசிய மட்டத்தில் ஒரு சொத்து வரி பற்றியும் பேச்சு உண்டு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டில் அத்தகைய வரிக்கு வாக்குறுதி கொடுக்கப்பட்டது. 2024இல், வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வாடகை கணித்து வருமான வரி வாங்கும் யோசனையாக அது விவாதத்துக்கு வந்தது. குடியிருக்கும் முதல் வீட்டுக்கு விலக்கு இருக்கும் என்று அன்றைய அரசாங்கம் விளக்கம் தந்தது. ஓய்வுகாலத்துக்கென்று இரண்டாவது வீடு வாங்குகிறவர்கள் இந்த விடயத்தைக் கவனித்து வர வேண்டும்.

சபைகளிடம் கேட்க வேண்டியது

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகள், 2025 மே 6இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் அதிகாரிகள்தான் சபைகளை நடத்தினார்கள். இப்போது கேள்வி கேட்க ஆள் இருக்கிறார், கேட்க வேண்டியதும் நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டு வரி கவுண்டிக்குக் கவுண்டி மாறுகிறது. ஓய்வு பெறுகிறவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல மாநிலங்களில் 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தனி வரிச் சலுகையும் இருக்கிறது. நம் சபைகளும் வேறு வருமானம் இல்லாமல் ஒரே வீட்டில் வாழும் முதியவர்களுக்குச் சலுகை தருவது பற்றிப் பேச வேண்டும். நுவரெலியாவில் விடுதி நடத்துகிறவருக்கும், அதே தெருவில் ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியைக்கும் தாங்கும் சக்தி ஒன்றல்ல.

அதைவிட அவசரமானது தோட்டங்களில் எழும் புதிய குடியிருப்புகளைச் சபைப் பதிவேட்டில் ஏற்றுவது. ஒவ்வொரு வீட்டுக்கும் அளவைப் படம், உறுதி, வீட்டிலக்கம், குறைந்த வீதத்தில் மதிப்பீட்டு வரி. வரி வாங்கும் சபை, அந்த வீட்டு வாசல் வரை பாதை போடவும் தண்ணீர் கொடுக்கவும் குப்பை அள்ளவும் கடமைப்பட்டது. 2018இல் சட்டத் தடை நீங்கிவிட்டது. இனிப் பணமில்லை என்று சபை சொன்னால், அதற்கான கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வீடு வாங்கப் போகிறவர்களும் தோட்டத்தில் வீட்டுக்காகக் காத்திருப்பவர்களும் ஒரே சபையின் மக்கள். ஆண்டுக் கடைசியில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபையில் வாசிக்கப்படும்போது இரு சாராரும் சேர்ந்து உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்: எங்கள் தெருவில் எத்தனை வீடுகள் பதிவேட்டில் இருக்கின்றன, அவற்றிலிருந்து எவ்வளவு வரி வருகிறது, அதில் எவ்வளவு எங்கள் தெருவுக்கே திரும்பி வருகிறது? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் சபையின் எல்லைக்குள் வீடு வாங்குங்கள்.